ஜுபைதா பாயம்மாவின் இரண்டு குப்பிகள்

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப்புறம் குடியிருந்தவர் ஜுபைதா. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு கோயில் கைங்கரியக்காரர்களின் தெரு. அதன் கொல்லைகள் முடிகிற இடத்தில் சாயபுமார் தெருவின் கொல்லைகள் தொடங்கும். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர். அந்தச் சுவர் இடிந்தால் இரண்டு தெருவுமே கெட்டுப்போகும் என்று இரண்டு தெருக்காரர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் நம்பினவன்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் நான். ஆப்பிரிக்காவில் எந்த நதி எங்கே உற்பத்தியாகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சுவருக்கு அந்தப்புறம் இருப்பவருக்கு என்ன உடம்பு என்று கேட்டால் விழிப்பேன்.

என் மனைவி நாமகிரிக்குத் தெரியும். அவள் கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கிற நேரமும், அந்த அம்மாள் கொல்லையில் துணி உலர்த்துகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அவள் சொல்லித்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்த அம்மாள் பிறந்த ஊர் வாலாஜா. பதினாலு வயதில் கல்யாணம். இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டுமே நடக்கிற வயது வருவதற்கு முன் போய்விட்டன. கணவர் அப்துல் சத்தார், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். வீட்டில் கையால் சுற்றுகிற தையல் மிஷின் ஒன்று உண்டு. எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக்கொடுத்தவர் அந்த அம்மாள்தான். அளவுக்குப் பழைய ரவிக்கை சுவரைத் தாண்டிப் போகும், புதியது சுவரைத் தாண்டி வரும்.

வந்த ரவிக்கையை என் அம்மா குமுதவல்லி ஒரு சொம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பிறகுதான் உள்ளே விடுவாள். இதை மறைவாகவும் செய்யமாட்டாள். பாயம்மா அந்தப்புறம் துவைக்கிற கல்லின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். "நல்லா நனைச்சுப் பாருங்கம்மா, சாயம் போவுதான்னு தெரிஞ்சிக்கலாம்" என்பார். நாங்கள் எல்லோரும் அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிட்டோம். பெயர் ஜுபைதா என்பதே எனக்கு முப்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது.

அவருக்கு மூச்சு இழுப்பு நோய் உண்டு. மார்கழி பிறந்தால் மாசி முடிகிற வரை படுக்கமாட்டார், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். ரொம்ப முற்றினால் அதற்கென்று ஓர் ஊசி மருந்து. அட்ரினலின் என்று பெயர். சுண்டுவிரலில் பாதி நீளத்துக்குச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் சென்னையிலிருந்து வரும். சத்தார் பாய் பகலெல்லாம் டாக்டர் வீட்டில் இருப்பவர். அவர் வருகிற வரை இழுப்பு காத்திருக்குமா? அதனால் மனைவிக்கே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்துவிட்டார். தன் கையைத் தானே கிள்ளிப் பிடித்து ஊசி குத்திக்கொள்கிற பொம்பளையைப் பற்றி நாமகிரி சொன்னபோது, "அதெல்லாம் உனக்கு எதுக்கு, நேரத்தோட சாதம் போடு" என்று எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதுவும் வீட்டில் இருக்கிறவர்களிடம்தான் வரும்.

நாமகிரிக்கும் ஓர் உபத்திரவம் உண்டு. முந்திரிப்பருப்பு ஆகாது. முசரவாக்கத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவள். பத்து வயதில் யாரோ கல்யாண வீட்டில் ஒரே ஒரு பருப்பைத் தின்று, உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, ஒரு நாள் முழுக்க மூச்சுக்குத் தவித்திருக்கிறாள். இதை எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் சொன்னாள். "முந்திரி ஆகாதாம், சமஸ்தானத்து ராஜகுமாரி" என்றாள் அம்மா. நான் சிரித்தேன். அத்தோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

சுவருக்கு அந்தப்புறம் முடியவில்லை. பெருநாள் வந்தால் பாயம்மா வீட்டிலிருந்து ஒரு தட்டு வரும். சமைத்த பண்டம் நாங்கள் தொடமாட்டோம் என்று தெரிந்தவர் ஆதலால் பழமும் கற்கண்டும் பருப்புகளும்தான் இருக்கும். முதல் வருஷம் நாமகிரி தயங்கிக்கொண்டே விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மறு வருஷத்திலிருந்து தட்டில் முந்திரி இல்லை. முந்திரி இருந்த டப்பாவில் கைவிட்ட பிறகு கையைக் கழுவிவிட்டுத்தான் தட்டை அடுக்கினேன் என்று அவரே ஒருதரம் சொன்னாராம்.

1936ஆம் வருஷம் மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லி. அன்று பெருமாளுக்கு அக்காரவடிசல் என்று பால்விட்ட சர்க்கரைப் பொங்கல் சமர்ப்பிக்கிற வழக்கம். அந்த வருஷம் எங்கள் வீட்டு உபயம். விடிந்து கொஞ்ச நேரத்தில் கோயிலிலிருந்து பிரசாதத்தை வாங்கிக்கொண்டு பெருமையாக வந்தேன். நெய் விரல் இடுக்கில் வழிந்தது. அம்மாவுக்குக் கொடுத்தேன். நாமகிரி கைநீட்டி வாங்கினவள், அதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏன்னா, இதுல முந்திரி போட்டிருக்காளே. கண்ணுல ஒத்திண்டு வெச்சுடறேனே."

"பெருமாள் அமுது செஞ்சதுக்கு அப்புறம் அதுல ஏதுடி தோஷம்? கையில வாங்கின பிரசாதத்தை யாராவது வேண்டாம்பாளா?"

"பருப்பை மட்டும் எடுத்துட்டு..."

"பிரசாதத்தைப் பொறுக்கறதாவது. அபசாரம்" என்றாள் அம்மா.

நாங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். பகவானுக்குக் காட்டிய பண்டம் கெடுதல் செய்யாது என்று மனப்பூர்வமாக நம்பினோம். எங்கள் குலத்தில் பிறந்தவன்தான் செய்யக்கூடிய முட்டாள்தனம் அது, நான் செய்தேன். நாமகிரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மிச்ச நெய்யை வழக்கப்படி தலையில் தடவிக்கொண்டாள்.

காபி கலக்கப் போனவள் அடுப்பங்கரையிலிருந்து உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே வந்தாள். உதடு தடித்திருந்தது. அப்புறம் கழுத்து, காது, கை எல்லாம் சிவந்து தடிப்புத் தடிப்பாக எழும்பிற்று. "தொண்டையில என்னமோ அடைக்கறது" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. கொல்லைக்கு ஓடிக் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் சீழ்க்கை அடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. நான் அவளைத் தூக்கிக் கிணற்றுச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். அம்மா துளசி தீர்த்தத்தோடு ஓடிவந்தாள். பூச்சி கடித்திருக்கும் என்றாள், கண் பட்டிருக்கும் என்றாள். எனக்கு உள்ளூரத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

"யாரு அங்க இழுக்கறது?" என்று சுவருக்கு அந்தப்புறமிருந்து குரல் கேட்டது. "நாமகிரியம்மாவா?"

நான் பதில் சொல்வதற்குள் துவைக்கிற கல்லின் மேல் ஏறிய பாயம்மாவின் தலை தெரிந்தது. ஒரு கணம் பார்த்தார். தலை மறைந்தது. மறுபடி தெரிந்தபோது ஒரு தகரப் பெட்டி முதலில் சுவர்மேல் வந்தது, பின்னால் அவர் வந்தார். கனத்த உடம்பு. எங்கள் பக்கத்து விறகு அடுக்கின்மேல் கால்வைத்து இறங்கினபோது முழங்காலில் சிராய்த்து ரத்தம் வந்தது. அவரும் இரைத்துக்கொண்டுதான் இருந்தார்.

"இன்னா தின்னாங்க?"

"பிரசாதம்" என்றேன்.

"அதுல முந்திரி இருந்திச்சா?"

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கேக்கறது காதுல உழுதா ஐயரே? இருந்திச்சா, இல்லியா?"

"இருந்தது."

நான் ஐயங்கார், ஐயர் அல்ல. சாதாரண நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன்.

அம்மா தீர்த்தச் சொம்பை நாமகிரியின் வாயருகே கொண்டுபோனாள். பாயம்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். எங்கள் வீட்டில் அம்மா குளித்து மடி உடுத்தியிருக்கும்போது நானே தொடமாட்டேன். "வாயில எதுவும் ஊத்தாதீங்கமா. தொண்டை அடைச்சிக்கினு இருக்குது. ஊத்தினது மூச்சுக்கொழாயில பூந்துக்கும்." அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

நாமகிரியின் தலை ஒரு பக்கம் தொங்கியது. உதடு வெளுத்து, நெற்றி ஈரமாகச் சில்லிட்டிருந்தது. பாயம்மா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். இன்னொரு இடத்தில் பிடித்துப் பார்த்தார். "நாடி கைக்கு சிக்கல. படுக்க வைங்க இவங்கள."

"படுத்தா மூச்சு இன்னும் முட்டாதா?"

"எனக்குன்னா நான் உக்காந்துப்பேன். இது அது இல்ல. எங்க டாக்டராண்ட ஒருத்தருக்கு குதிரை ரத்தத்துல எடுத்த ஊசி மருந்து போட்டாங்க, அந்த ஆளுக்கு இதே மாதிரி தடிச்சு, மூச்சு முட்டி, மயக்கம் போட்டுட்சு. டாக்டர் படுக்க வெச்சு, காலத் தூக்கிப் புடிச்சு, என் மருந்ததான் போட்டாரு. ஊட்டுக்காரரு அன்னிக்கு சோறு துன்னுக்கினே சொன்னாரு. பாய் எடுத்தாங்க."

நான் பாயை விரித்தேன். நாமகிரியைக் கிடத்தினோம். காலைத் தூக்கிவைக்க எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. பாயம்மா என் அம்மாவைப் பார்த்தார். அம்மா மடிப்புடவையோடு அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து, மருமகளின் இரண்டு பாதங்களையும் எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

தகரப் பெட்டியில் சாராய வாசனை அடித்தது. சாராயத்தில் போட்டு வைத்திருந்த கண்ணாடி ஊசிக்குழல், பஞ்சு, ஒரு சின்ன அரம், இரண்டு குப்பிகள். ஒரு குப்பியின் கழுத்தை அரத்தால் ராவி, விரலால் அழுத்தி உடைத்தார். மருந்தை உறிஞ்சி எடுத்து, குழலை நிமிர்த்திக் காற்றை வெளியேற்றினார். நாமகிரியின் மேல்கையைக் கிள்ளிப் பிடித்தார். "பிஸ்மில்லா" என்று சொல்லிக் குத்தினார்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பாயம்மா அவள் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சீழ்க்கைச் சத்தம் தணிந்தது. அப்புறம் உதட்டில் ரத்தம் ஓடிற்று. கை கால் வெடவெடவென்று உதற, நாமகிரி கண்ணைத் திறந்து, தன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். பார்த்ததும் இழுத்துக்கொள்ளப் போனாள். "சும்மா இருடி" என்றாள் அம்மா. அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

ஜட்காவில் ஏற்றிப் பெரிய காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறேன் என்று நான் எழுந்தேன். "ரெண்டு மைலு குலுக்கிக்கினு போவ இது மூட்டையா? ஆள அனுப்பி டாக்டர இட்டாங்க. எழுப்பி உக்காரக்கூட வைக்காதீங்க" என்றார். தெருமுனை ஜட்காக்காரன் மயில்வாகனத்திடம் சீட்டுக் கொடுத்து அனுப்பினேன். பாயம்மா போகவில்லை. "மருந்து வேகம் கொறைஞ்சா திரும்பவும் வந்தாலும் வரும்" என்று பாயருகிலேயே உட்கார்ந்துகொண்டார்.

சொன்னபடியே வந்தது. முக்கால் மணி நேரம் இருக்கும். மயில்வாகனம் போனவன் போனவனாகவே இருந்தான், டாக்டர் வேறு எங்கோ நோயாளி பார்க்கப் போயிருந்தாராம். நாமகிரியின் கழுத்தில் தடிப்புகள் மறுபடி சிவந்தன. சீழ்க்கை ஆரம்பித்தது. "ஏன்னா" என்று என் கையைப் பிடித்தவளின் பிடி நழுவியது.

பாயம்மா பெட்டியைத் திறந்து இரண்டாவது குப்பியை எடுத்தார். எடுத்தவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நிதானித்தார். அரத்தைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அரம் அவர் எதிரிலேயே கிடந்தது.

"இன்னும் இருக்கோல்லியோ உங்களாண்ட?" என்று கேட்டேன்.

"ஊட்ல டப்பா நெறைய இருக்குது சாமி. நீங்க கைய கெட்டியாப் புடிங்க."

கழுத்தை ராவி உடைத்தார். இந்த முறை நாமகிரி தேறினவள் தேறினவள்தான். உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டரும் சத்தார் பாயும் வந்தார்கள். டாக்டர் நாடி பார்த்து, கண்ணை விரித்துப் பார்த்து, இன்று பூராவும் படுத்தே இருக்கட்டும், முந்திரி வாசனைகூட இனிமேல் கூடாது என்றார். அந்த ஊசி இல்லாவிட்டால் நான் வந்து பிரயோஜனம் இருந்திருக்காது என்றும் சொன்னார். சத்தார் பாய் கீழே கிடந்த இரண்டு காலிக் குப்பிகளையும் பார்த்தார். குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மனைவியிடம் உருதுவில் ஏதோ கேட்டார். பாயம்மா ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். பாயின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. வெயிலில் வந்த களைப்பு என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு எப்போதும் சௌகரியமானதுதான் தோன்றும்.

போகி வந்தது. நாமகிரி எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள். அவள் வாந்தி எடுத்துக் கிடந்த பாயை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, போகியில் போட்டுக் கொளுத்து என்றாள் அம்மா. விடிகாலையில் கொல்லையில் அந்தப் பாயையும், பழந்துணிகளையும், ஓட்டை முறத்தையும் குவித்து நெருப்பு வைத்தேன். ஈரம் காயாத கோரை. புகை மஞ்சளாகச் சுருண்டு எழுந்து, காற்று வாக்கில் சுவரைத் தாண்டிப் போயிற்று. தெருப் பூராவும் அப்படித்தான் புகைந்துகொண்டிருந்தது, ஆனால் பாயம்மாவின் ஜன்னலுக்கு நேராகப் புகைந்தது என்னுடையது.

நாமகிரியின் காதில்தான் முதலில் விழுந்தது. குடத்தை வைத்துவிட்டு, "அந்தச் சத்தம்" என்றாள்.

துவைக்கிற கல் எங்கள் பக்கத்தில் இல்லை. விறகின்மேல் ஏறிச் சுவருக்கு மேலாக அவர்கள் ஜன்னலை எட்டிப் பார்த்தேன். பாயம்மா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. சத்தார் பாய் ஜன்னலில் ஈரச் சேலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், ஊசி போடலையா?"

அவர் திரும்பினார். அந்த மனிதர் என்னிடம் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் கோபம் இல்லை. "அன்னிக்கு போட்டதுதான் கடைசி ரெண்டு சாமி. டாக்டராண்டயும் இல்ல. மெட்ராஸுக்கு எழுதியிருக்குது. பொங்கல் கழிஞ்சுதான் தபால் வரும்."

நெருப்பில் நான்கு குடம் தண்ணீரைக் கொட்டினேன். புகை இன்னும் அதிகமாயிற்று. மண்ணை வாரிப் போட்டேன். என்னை நானே அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. டாக்டர் வீட்டுக்கு ஓடி ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, செங்கல்பட்டு வழியாகப் போகிற காலை வண்டியைப் பிடித்தேன். வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றது. நிற்கிற ஒவ்வொரு தடவையும் அந்தத் தோள்கள் ஏறி இறங்குவது கண்ணுக்குள் வந்தது. மவுண்ட் ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் ஒரு டஜன் குப்பிகள் வாங்கினேன். பெட்டியை யாராவது இடித்துவிடுவார்கள் என்று திரும்புகிற வண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார வந்தவர்களிடமெல்லாம் சண்டை பிடித்தேன்.

விளக்கு வைத்த நேரத்துக்குச் சாயபுமார் தெருவுக்குள் நுழைந்தேன். பிறந்து வளர்ந்த ஊரில் அந்தத் தெருவுக்குள் நான் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் நாமகிரி, பாயம்மாவின் முதுகுக்குத் தன் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். நான் கிளம்பினதிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறாள் என்றார் சத்தார் பாய். "போடி, நான் பாத்துக்கறேன் தளிகையை" என்று அனுப்பிவைத்தவள் அம்மாவாம்.

பாயம்மாவின் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. ஆனால் கண் திறந்திருந்தது. பாய் குப்பியை உடைத்து ஊசி போட்டார். நான் வாசல் பக்கம் திரும்பி நின்றேன். சிறிது நேரத்தில் அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. அப்புறம் நாமகிரி விம்முகிற சத்தம்தான் கேட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. திரும்பி அவரிடமே கேட்டேன். "டப்பா நெறைய இருக்குன்னேளே. ஏன் பொய் சொன்னேள்? அதுதான் கடைசின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் மூச்சைக் கூட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"சொல்லியிருந்தா வேணான்னு சொல்லியிருப்பீங்களா சாமி?"

மாட்டேன். சத்தியமாகச் சொல்லியிருக்கமாட்டேன். காலைப் பிடித்தாவது அந்தக் குப்பியை வாங்கியிருப்பேன்.

"எப்டியும் குடுத்திருப்பேன்" என்றார். "கடைசின்னு தெரிஞ்சு வாங்கியிருந்தா, அப்புறம் ஆயுசுக்கும் என் மூஞ்சிய நீங்க பாக்கமாட்டீங்க. அந்தப் பொண்ணையும் சுவத்தாண்ட வரவுடமாட்டீங்க. எனக்குப் பேச வேற யாரு இருக்கறாங்க?"

நாமகிரி முதுகை நகர்த்தாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். நான் மருந்துப் பெட்டியைக் கட்டிலின்மேல் வைத்தேன். உட்காருங்கள் என்று சத்தார் பாய் ஒரு முக்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.